கூலாரா நகராட்சியின் பத்து மடங்கு மனிதன்

மனித குலத்தின் உழைப்புத் திறனை உயர்த்தியவை என்று வரலாறு மூன்றைச் சொல்லும்: சக்கரம், நீராவி எந்திரம், டாரில் ஹென்ஷா. முதல் இரண்டைப் பற்றியும் ஏற்கெனவே நிறைய எழுதித் தள்ளிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழுத இதுவரை யாரும் முன்வராததால், அடக்கத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, டாரில் ஹென்ஷா ஆகிய நானே எழுத வேண்டியிருக்கிறது.

நான் கூலாரா நகராட்சியின் கழிவுத் தகவல் பிரிவில் கணினிக்குக் கோட் எழுதுகிறவன். எங்கள் ஊரில் வீட்டுக்கு மூன்று குப்பைத் தொட்டிகள். சாதாரணக் குப்பைக்கான சிவப்பு மூடி வாராவாரம் வாசலுக்குப் போகும். மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடி ஒரு வாரம், தோட்டக் குப்பைக்கான பச்சை மூடி மறு வாரம். இந்த வாரம் மஞ்சளா, பச்சையா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றலை இயற்கை மனிதனுக்கு அருளவில்லை. டாக்டர்களும் நீதிபதிகளும்கூட செவ்வாய்க்கிழமை மாலை ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கி, பக்கத்து வீட்டுக்காரர் எதை உருட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் தங்கள் தொட்டியை உருட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எதிர் வீட்டைப் பார்ப்பார். இந்த அவலத்தைத் துடைக்கவே எங்கள் பிரிவு நிறுவப்பட்டது. செவ்வாய்தோறும் மாலை நான்கு மணிக்கு நாற்பத்தோராயிரம் வீடுகளுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும்: 'இன்று வெளியே வைக்க வேண்டிய தொட்டி: சிவப்பு, மஞ்சள்.' நாகரிகம் என்பது இதுதான்.

இந்த நாகரிகத்தை நான்கு பேர் தாங்கிக்கொண்டிருந்தோம். ஸ்டாவ், தாவோ, நான், நோலீன். ஸ்டாவ் வாயாடி. தாவோ சுறுசுறுப்பானவள். நோலீனுக்கு அறுபத்தொரு வயது, பதினான்கு வருட சர்வீஸ். குறுஞ்செய்தி அனுப்பும் கோட் முழுவதையும் முதன்முதலில் எழுதியதே அவர்தான். ஆனால் பார்த்தால் வேலை செய்கிறவர் மாதிரியே தெரியாது. பாதி நேரம் ஜன்னல் வழியாகப் படகுத் துறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பென்சிலால் ஒரு தாளில் எதையோ கிறுக்குவார். கடைசியில் ஒரே ஒரு விசையைத் தட்டுவார். அதுவும் பெரும்பாலும் அழிக்கும் விசை.

பிப்ரவரியில் எங்கள் மேலாளர் பிரெண்டன், கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போகும்போது மேலாளர். வரும்போது 'செயல்வீச்சு மேன்மை இயக்குநர்'. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கூடவே ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி ஒன்றும் வந்து இறங்கியது.

"மக்களே, எல்லாரும் இங்க பாருங்க. இன்னிலேருந்து நாம உழைக்கப் போறோம்" என்றார்.

"அப்ப இதுவரைக்கும்?" என்றான் ஸ்டாவ்.

"தெரியாதே மாப்ள. யாரும் எண்ணலயே. எண்ணாத உழைப்பு உழைப்பே இல்லன்னு மாநாட்டுல சொல்லிட்டாங்க."

தொலைக்காட்சியைத் தேநீர் அறையில், ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினார்கள். அதற்குத் 'திறன்பலகை' என்று பெயர். எங்களுக்கு வரும் புகார், கோரிக்கை எதுவானாலும் அதை டிக்கெட் என்போம். ஒரு டிக்கெட்டை முடித்தால் ஒரு புள்ளி. யாருக்கு எத்தனை என்று பலகை நொடிக்கு நொடி காட்டும்.

"ஜூன் முப்பதோட நிதியாண்டு முடியுது. அன்னிக்குக் கடைசி இடத்துல இருக்கறவங்கள நாம விடுவிக்கிறோம்" என்றார் பிரெண்டன்.

"விடுவிக்கிறதுன்னா?" என்று கேட்டாள் தாவோ.

"புதுப் புது வாய்ப்பத் தேடிப் போக அவங்களுக்குச் சுதந்திரம் தர்றோம்."

"வேலைய விட்டுத் தூக்குறீங்க."

"அந்த மாதிரி எதிர்மறை வார்த்தையெல்லாம் இங்க வேணாம் தாவோ."

முதல் வார முடிவில் பலகை சொன்னது: தாவோ 23, ஸ்டாவ் 21, நோலீன் 12, டாரில் 4.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. கூலாராவில் கோட் எழுத ஆள் வேண்டும் என்று சொல்லும் இன்னொரு இடம் மீன் ஏலக்கூடம்தான், அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். நல்ல ஆரோக்கியமான ஆள். ஆகவே அன்றைக்கே முடிவெடுத்தேன்: என் கோடிங் திறமையை வளர்த்துக்கொள்வது. சக ஊழியர்களை முந்துவது.

இணையத்தில் 'முப்பது நாளில் பத்து மடங்குக் கோடர்' என்று ஒரு பாடத்திட்டம் கிடைத்தது. ஆசான் கையில்லாத பனியன் அணிந்திருந்தார். அதிகாலை நாலரைக்கு எழ வேண்டும், பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும் என்றார். கோடிங் பற்றிய பாடம் பத்தொன்பதாவது நாள்தான் வந்தது. அதுவும் ஒரே வாக்கியம்: "சாதாரணக் கோடர் யோசிப்பான், பத்து மடங்குக் கோடர் தட்டுவான்." புல்லரித்துப் போய், தட்டினால் ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதுபோல் சத்தமிடும் விசைப்பலகை ஒன்றை வரவழைத்தேன்.

"ஏம்பா, காது கிழியுது" என்றான் ஸ்டாவ்.

"அருமை!" என்றார் பிரெண்டன், கதவருகே கண்ணை மூடி நின்றபடி. "கேக்கும்போதே தெரியுது, வேலை நடக்குது."

மறு வாரமே ஸ்டாவும் தாவோவும் அதே விசைப்பலகையை வாங்கிவிட்டார்கள். இருந்தும் மார்ச் முடிவில் நான்தான் கடைசி. நாலரைக்கு எழுந்ததால் பதினொரு மணிக்கெல்லாம் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன் என்பது ஒரு காரணம். அப்போதுதான் உற்பத்தித் திறன் பற்றிய பேருண்மை ஒன்று எனக்குப் புலப்பட்டது. வேலையில் நிலைக்க மூன்று பேரை முந்தத் தேவையில்லை. ஒருவரை முந்தினால் போதும்.

பிரெண்டனின் அறைக்குப் போனேன்.

"பிரெண்டன், ஒரு யோசனை. டிக்கெட்ட மட்டும் எண்ணுனா ஆழம் தெரியாது. எத்தனை வரி எழுதினாங்கன்னும் எண்ணணும்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "டாரில், இது ஏன் மாநாட்டுல யாருக்கும் தோணல?"

"அவங்க அடக்கமானவங்க போல."

மறுநாள் பலகையில் வரிகளும் ஏறின. காலை பத்தரைக்குத் தேநீருக்குக் கூடியபோது நோலீனின் பெயரைக் காணவில்லை. கணினியில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவர் அந்த மாதம் எழுதியது ஒன்பது வரி. அழித்தது மூவாயிரத்து நூற்றுப் பதினைந்து.

"நோலீன், மைனஸ் மூவாயிரத்து நூத்தி ஆறுன்னு வருதே. என்ன இது?" என்றார் பிரெண்டன்.

"அழிச்சேன்."

"ஏன்?"

"தேவையில்லாம இருந்துச்சு."

"வேலை நேரத்துலயா அழிச்சீங்க?"

நோலீன் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "வீட்ல போயி அழிச்சா பரவால்லியா?"

பலகை மைனஸைக் காட்டும்படி செய்யப்படவில்லை. மாநாட்டில் அப்படி ஒரு மனிதரை யாரும் கற்பனை செய்யவில்லை. எனவே பிரெண்டன் ஒரு மஞ்சள் காகிதத்தில் 'நோலீன்' என்று எழுதி, தொலைக்காட்சிக்குக் கீழே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். வாரம் ஒருமுறை அளவுகோல் வைத்து அளந்து, அதை இன்னும் கீழே நகர்த்தினார். ஏப்ரல் நடுவில் அது கைப்பிடிக்கு நேராக இருந்தது. பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் நோலீனைப் பிடித்துத்தான் கதவைத் திறந்தார்கள்.

நான் அதோடு நின்றுவிடவில்லை. சோம்பல் என் இயல்பில் இல்லை. எந்த வாரம் எந்தத் தெருவில் எந்த மூடி என்று கண்டுபிடிக்கும் நோலீனின் கோட் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதிர்ந்து போனேன். பதினொரு வரி! நாற்பத்தோராயிரம் குடும்பங்களின் கௌரவம் பதினொரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. தேதியை வாங்கும், எதையோ வகுக்கும், மிச்சத்தைப் பார்க்கும், மூடியின் நிறத்தைச் சொல்லும். கிறிஸ்துமஸ் வாரத்தில் லாரி ஒரு நாள் தள்ளி வரும் என்பதுகூட அதற்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பை இவ்வளவு மெலிதாகச் செய்வது மக்களுக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

அந்தப் பதினொன்றையும் தூக்கிவிட்டு நான் புதிதாக எழுதினேன். கூலாராவில் அறுநூற்றுப் பன்னிரண்டு தெருக்கள். நிதியாண்டுக்கு ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு செவ்வாய்க்கும் ஒரு வரி: இந்தத் தெரு, இந்தத் தேதி என்றால் மஞ்சள். இந்தத் தெரு, அடுத்த தேதி என்றால் பச்சை. ஏற்கெனவே கடந்து போய்விட்ட செவ்வாய்களையும் நான் விட்டுவைக்கவில்லை. வரலாற்று உணர்வு என்று ஒன்று வேண்டாமா? ஆக மொத்தம் முப்பத்தோராயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கு வரிகள். அத்தனையையும் என் கையாலேயே நகலெடுத்தேன், என் கையாலேயே ஒட்டினேன்.

அன்று பலகையில் என் பெயருக்கு நேரே இருந்த எண் நீண்டு தாவோவின் பெயரை மறைத்தது. பிரெண்டன் கைதட்டினார். நோலீன் மட்டும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"டாரில் கண்ணு, உன் கோட் பாத்தேன்."

"எப்படி?"

"ஜூன் முப்பதோட நிக்குதே. ஜூலைல என்ன பண்ணும்?"

"நோலீன், ஜூன் முப்பதுதான இலக்கு" என்றேன். அப்போது என் குரலில் இருந்த பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கே பெருமையாக இருக்கிறது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் என் வரிகள் ஒன்றுகூட இல்லை. பழைய பதினொன்றும் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. நான் பதறவில்லை. மதியத்துக்குள் என் முப்பத்தோராயிரத்தையும் திரும்ப ஒட்டினேன். பலகை அதைப் புதிதாக எண்ணியது! அவர் மறுபடி அழித்தார். நான் மறுபடி ஒட்டினேன். ஒரு வாரம் இது தொடர்ந்தது. வெள்ளிக்கிழமை என் கணக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. நோலீனின் மஞ்சள் காகிதம் ஃபிரிட்ஜின் அடிப்பக்கத்தை அடைந்துவிட்டதால், அதைத் தரையில் ஒட்டி, யாரும் மிதிக்காமலிருக்க நாற்காலி ஒன்றைக் குறுக்கே போட்டார்கள்.

திங்கட்கிழமை பிரெண்டன் கூட்டம் போட்டார். நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்: 'நகராட்சிச் சொத்துக்குச் சேதம்'.

"நோலீன், டாரில் எழுத எழுத நீங்க அழிக்கிறீங்க. உங்களுக்கு அவர் மேல என்ன கோவம்?"

"அவர் மேல கோவமில்ல. அந்த கோட் ஜூலைல படுத்துரும்."

"ஜூலை அடுத்த நிதியாண்டு. அதுக்குத் தனிக் கூட்டம் இருக்கு." பிரெண்டன் அடுத்த தாளைப் புரட்டினார். "இன்னொன்னும் கேக்கணும். கேக்."

இங்கே எங்கள் பிரிவின் பண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். யாருடைய கோட் கணினியைப் படுக்கவைக்கிறதோ, அவர் மறுநாள் பத்தரை மணித் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, ஆனால் மீறினால் யாரும் பேச மாட்டார்கள். என் திறமை வளர்ந்த அந்த நான்கு மாதத்தில் நான் பதினேழு முறை கேக் கொண்டுவந்திருந்தேன். லாமிங்டன், வனிலா ஸ்லைஸ், சாக்லேட் கேக். ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்ததும் பெட்டியை எடுத்துவிடுவாள்.

"டாரில் பதினேழு தடவை கொண்டாந்திருக்கார். ஸ்டாவ் ஆறு. தாவோ நாலு. நீங்க, நோலீன், பதினாலு வருஷத்துல ஒரு துண்டாவது?"

"நான் எதையும் உடைக்கலயே."

"அதத்தான் சொல்றேன். கூட இருக்கறவங்களோட கலந்து பழகணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

ஸ்டாவ் தன் காலணியைப் பார்த்தான். தாவோ எதையோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். அன்று அவள் மூன்றாமிடம். நான் பிரெண்டனுக்குத் தலையாட்டி வைத்தேன். எனக்கு அடுத்த மாதமும் வேலை வேண்டியிருந்தது.

அன்று முதல், முன் அனுமதிப் படிவம் இல்லாமல் நோலீன் எதையும் அழிக்கக் கூடாது என்று உத்தரவானது. ஏழு பக்கப் படிவம். அதை நான்தான் வடிவமைத்தேன், அதற்கும் எனக்கு வரிகள் ஏறின.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை நோலீன் 'விடுவிக்கப்பட்டார்'. தேநீர் அறைக்குள் அவர் பெரிய தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எல்லோரும் எழுந்துவிட்டோம். கேக்! நோலீனின் கையால், பதினான்கு வருடத்தில் முதல் கேக். செவ்வகமான பழுப்புக் கேக்கின் மேல் வெள்ளைச் சர்க்கரைப் பாகால் வரிவரியாக எதையோ எழுதியிருந்தார்.

"ஐயையோ நோலீன், என்னத்த உடைச்சீங்க?" என்றான் ஸ்டாவ்.

"நான் உடைக்கல. ஜூலை மொத செவ்வாய்க்கிழமை உடையும். அன்னிக்கு டாரில் கொண்டாரப் போற கேக் எனக்குக் கிடைக்காதுல்ல. அதான் என் பங்க நானே முன்கூட்டிச் சுட்டுட்டேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் தாவோ.

"படிச்சுப் பாத்துட்டு வெட்டுங்க" என்றார் நோலீன்.

யாரும் படிக்கவில்லை. பிரெண்டன் கத்தியோடு வந்துவிட்டார். கேக் நன்றாகவே இருந்தது. ஓரத்துண்டு இரண்டும் நடுத்துண்டு ஒன்றும் நான் சாப்பிட்டேன். நோலீன் தன் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு, தரையில் இருந்த மஞ்சள் காகிதத்தைத் தானே குனிந்து உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே பிரெண்டன் இன்னொரு நல்ல காரியம் செய்தார். நோலீனின் மைனஸ் எங்கள் பிரிவின் சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்ததால், கணினியில் அவர் பெயரில் இருந்த பழைய கோட் பிரதிகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் நீக்கச் சொன்னார். நான்தான் நீக்கினேன். சராசரி விண்ணுக்குத் தாவியது. அழிப்பதற்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது.

ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை. மாலை நான்கு மணிக்கு என் கோட் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நாற்பத்தோராயிரம் வீடுகளுக்குச் செய்தி அனுப்பியது: 'இன்று வெளியே வைக்க வேண்டிய தொட்டி: . நன்றி.'

ஐந்தரை மணிக்கு என் தெருவுக்குப் போனபோது, ஜூலை எங்கள் பக்கத்தில் நடுக்குளிர்காலம் என்பதால், குளிர் எலும்பைத் துளைத்தது. எல்லா வீட்டு வாசலிலும் சிவப்பு மூடி மட்டும் நின்றது. ஒவ்வொரு சிவப்புக்குப் பக்கத்திலும் ஒரு தொட்டி அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எல்லா ஜன்னலிலும் திரை லேசாக ஆடியது. எதிர் வீட்டு கெவ், கம்பளிச் செருப்போடு வாசலுக்கு வந்தார்.

"டாரில், எத வைக்கப் போற?"

"நீங்க எத வைக்கிறீங்க கெவ்?"

"நீ வைக்கிறதத்தான். நீதான நகராட்சில குப்பை ஆளு. தெருவே உன் வாசலத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

"போன வாரம் என்ன வச்சீங்க?"

"உன்னப் பாத்துத்தான் வச்சேன். நிறத்த யாரு கவனிச்சா?"

அந்த நேரம் பிரெண்டன் போனில் அழைத்தார். "டாரில், லாரி டிரைவருங்க டிப்போவுல நிக்கிறாங்க. நாளைக்குக் காலைல எந்த லாரிய எடுக்கறதுன்னு கேக்குறாங்க."

"வழக்கமா எப்படி முடிவு பண்ணுவாங்க?"

"நம்ம செய்தியப் பாத்துத்தான் மாப்ள! அந்தப் பதினோரு வரி எங்க?"

"நீக்கிட்டோம்."

"வேற எங்கயுமா இல்ல?"

அப்போது ஸ்டாவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. விடைபெறும் விழாவில் எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கேக்கின் மேலே சர்க்கரைப் பாகில் எழுதியிருந்தது வாழ்த்து இல்லை. தேதியை வாங்கு, வகு, மிச்சத்தைப் பார். நோலீனின் அதே பதினொரு வரி. மூன்றாவது வரி வரைக்கும் தெரிந்தது. மீதி இடத்தில் ஒரு தட்டும், அதைப் பிடித்திருந்த என் கையும், என் கன்னம் நிறையக் கேக்கும்.

நோலீன் வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். அவர் தெருவில் சிவப்பும் பச்சையும் சோடி சோடியாக, வீட்டுக்கு வீடு, கோடு போட்ட மாதிரி நின்றன. தெரு முழுக்க அவரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. வாசலில் அவருடைய படுக்கை வசதியுள்ள கேரவன் வண்டி காரோடு பூட்டித் தயாராக இருந்தது. குளிர் தீரும்வரை வெயிலடிக்கும் வடக்கே போய்விடுவது அவர் வயதுக்காரர்களின் வழக்கம். அவர் கதவைத் திறந்து முதலில் என் கையைப் பார்த்தார்.

"கேக் எங்க?"

வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இந்தக் கதையில் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நான் ஜோடனை எதுவும் செய்யவில்லை.

"நோலீன், திரும்பி வந்துருங்க. பிரெண்டன்கிட்ட நான் பேசுறேன்."

"என்னன்னு பேசுவ?"

யோசித்துப் பார்த்தேன். 'எல்லா வேலையையும் இவர்தான் செய்தார்' என்று பேச வேண்டும். அடுத்து பிரெண்டன், 'அப்படியானால் நீ?' என்று கேட்பார். நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி விடு. நான் காலைல கிளம்புறேன். இன்னிக்குப் பச்சை. போய்ச் சொல்லு."

"அடுத்த வாரம்?"

"மஞ்சள்."

எழுதிக்கொண்டேன். "அதுக்கடுத்த வாரம்?"

கதவைச் சாத்தப் போன நோலீன் நிறுத்தினார்.

"டாரில், நெஜமாவே கேக்குறியா?"

"ஆமா."

"பச்சை, கண்ணு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிரவே எல்லோருக்கும் 'பச்சை' என்று செய்தி அனுப்பி, அந்தத் தகவலை வைத்து விடிவதற்குள் புதிய நிதியாண்டுக்கான முப்பத்தோராயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கு வரிகளையும் எழுதி முடித்தேன். அதாவது அடுத்த ஜூன் முப்பது வரை. மறுநாள் பத்தரை மணிக்கு நான் வைத்த லாமிங்டனைத் தின்றபடியே, நகரத்தைக் காப்பாற்றியதற்காகப் பிரெண்டன் எனக்கு 'ஆண்டின் பத்து மடங்கு ஊழியர்' என்ற கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்தார். நோலீன் அன்று எந்த நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தாரோ. அவர் இடத்தில் இப்போது என் கேடயம் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் படகுத் துறை தெரிவதை அது மறைக்கிறது, அதனால் யாருக்கும் கவனம் சிதறுவதில்லை.

பலகை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. அடுத்த ஜூனிலும் ஒருவர் விடுவிக்கப்பட வேண்டும். இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம் என்பதால் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. நல்லவேளையாக, போன வியாழக்கிழமை ஒன்றைப் பார்த்தேன். தாவோ தன் சத்தக்கார விசைப்பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு தாளில் பென்சிலால் எதையோ கிறுக்கினாள். பிறகு என் முப்பத்தோராயிரம் வரிகளைத் திறந்து, தாளைப் பார்த்து அவற்றுக்கு மேலே சில வரிகளைச் சேர்த்தாள்; சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் வரிகள் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழிக்கும் விசையை ஒரே ஒரு தடவை தட்டினாள். திரையில் பதினொரு வரி மட்டும் மிஞ்சியது.

உடனே போய்ப் பிரெண்டனிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதம் அவள் ஒரு கேக் கூடக் கொண்டுவரவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.